வெறுங்கட்டமும் சுழியும்

கணக்கேட்டில் ஓரிடத்தை வெறிதே விடுவதும், அவ்விடத்திற் சுழி இட்டு வைப்பதும் ஒன்றெனக் கருதுவார் பலர். அவை ஒன்றல்ல. தேர்வெழுதிச் சுழி பெற்ற மாணவரும், நோயுற்றுத் தேர்வுக்கே வாராத மாணவரும், தேர்வெழுதியும் விடைத்தாள் இன்னும் திருத்தப்பெறாத மாணவரும் மூன்று வேறு நிலையினர். பழைய தாளேட்டில் இம்மூவர்க்கும் ஆசிரியர் எவ்வாறு குறித்திருப்பினும், அதனைக் கூட்டுபவரும் ஒரு மனிதரேயாதலின், ஐயம் நேர்ந்தவிடத்து வினவித் தெளிவர். இன்று அவ்வேட்டின் இடத்தை விரிதாள் பெற்றுவிட்டது. விரிதாள் வினவுவதில்லை, தனக்கு விதித்தவாறு கூட்டி விடையை நொடிப்பொழுதில் இட்டுவிடுகின்றது. அவ்விடை அழகாக அச்சிட்டாற்போல் நிற்றலின் அதனை ஐயுறுவாரும் அரியர். ஆகவே, வெறுங்கட்டத்தையும், எண் நிற்க வேண்டிய இடத்திற் புகுந்த சொல்லையும் விரிதாளின் சூத்திரங்கள் எங்ஙனம் கொள்கின்றன என்பதைச் சிறிது விரித்துரைத்தல், மதிப்பெண் பதிவேட்டினால் வாழ்வும் தாழ்வும் எய்துகின்ற நம்மனோர்க்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

விரிதாள் என்பது வரிகளும் பத்திகளும் குறுக்கும் நெடுக்குமாய்ச் செல்ல, அவை கூடுமிடந்தோறும் கட்டங்கள் அமையப்பெற்ற ஏடாம். 1979-ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆப்பிள் 2 என்ற கணிப்பொறிக்கென இயற்றிய விசிகால்க் இவ்வினத்துள் முதற்கண் பெரும்புகழ் பெற்றது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 என்பதும், 1985-இல் எக்செல் என்பதும் தோன்றின. ஈண்டு யாம் கூறுவன எக்செலின் இயல்புகளே. ஏனைய விரிதாள்கள் பெரும்பாலும் இவ்வழியே ஒழுகினும் சிற்சில இடங்களில் வேறுபடும். பத்தியின் எழுத்தும் வரியின் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர். பி என்னும் பத்தியில் இரண்டாம் வரியிலுள்ளது பி2 எனப்படும். சமக்குறியை முதலாகக் கொண்டு எழுதப்படுவது சூத்திரம். அதனுள் வரும் கட்டளைச்சொற்கள் ஆங்கிலமாகலின் அவற்றை ஒலிபெயர்த்து எழுதுகின்றோம். பொறியில் இடுங்கால் ஆங்கில எழுத்தாலேயே இடல்வேண்டும்.

இனி ஒரு பதிவேட்டை மனத்திற் கொள்வோம். ஏ பத்தியில் மாணவர் பெயர். பி, சி, டி பத்திகளில் மூன்று தேர்வுகளின் மதிப்பெண்கள். ஈ பத்தியிற் சராசரி. தேர்ச்சிக்கு வேண்டுவது 40. ஒரு மாணவர் முதலிரு தேர்வுகளில் 60-உம் 55-உம் பெற்றார். மூன்றாந் தேர்வன்று காய்ச்சலாற் கிடந்தார். டி2 என்னும் கட்டம் வெறிதே உள்ளது. இவர் சராசரியைக் காண இரு சூத்திரங்கள் உள. ஒன்று, =ஆவரேஜ்(பி2:டி2) என்பது. மற்றொன்று, =(பி2+சி2+டி2)/3 என்பது. மூன்று கட்டங்களிலும் எண்கள் நிற்குமாயின் இவ்விரண்டும் ஒரே விடையைத் தரும். அதனாலன்றோ ஒன்றிற்கு மற்றொன்றை மாற்றாகக் கொள்ளலாமென யாவரும் எண்ணுகின்றனர்! டி2 வெறிதாயவழி, ஆவரேஜ் என்னும் கட்டளை அக்கட்டத்தை அறவே நீக்கி, 115-ஐ 2-ஆல் வகுத்து 57.5 என்கின்றது. கூட்டற்குறி இட்ட சூத்திரமோ வெறுங்கட்டத்தைச் சுழியாகவே கொண்டு, 115-ஐ 3-ஆல் வகுத்து 38.33 என்கின்றது. முன்னதன்படி அவர் நன்கு தேறினார், பின்னதன்படி தவறினார். மாணவர் ஒருவரே, மதிப்பெண்களும் அவையே, அவர் வெற்றியும் தோல்வியும் சூத்திரம் எழுதியவர் கைப்பழக்கத்தைப் பொறுத்தனவாய் முடிந்தன.

இவற்றுள் எது சரி என்று பொறியை வினவுதல் வீண். தக்க காரணமின்றி வாராதார்க்குச் சுழி என்பது கல்லூரியின் விதியானால், அக்கட்டத்திற் சுழியை வெளிப்படையாக எழுதிவிடல் வேண்டும்; அப்பொழுது இரு சூத்திரமும் ஒன்றுபடும். நோயுற்றார்க்கு எழுதிய தேர்வுகளின் சராசரியே போதும் என்பது விதியானால் ஆவரேஜ் பொருந்தும். மறு தேர்வு வைத்த பின்னரே முடிவு என்றால் இரண்டுமே பொருந்தா. விதியை முன்னர்த் தெளிந்து சூத்திரத்தைப் பின்னர் எழுதுக என்பதே யாம் வற்புறுத்துவது. நடைமுறையிலோ சூத்திரம் முந்திக்கொள்ள, அது தந்த விடையே விதியாகிவிடுகின்றது.

வெறுங்கட்டத்தின் செய்தி இவ்வாறாக, சொல்லின் செய்தி இதனினும் விந்தையானது. எழுத்தர் ஒருவர் டி2-ஐ வெறிதே விட மனமின்றி 'வரவில்லை' என்று எழுதினார் என்க. ஆவரேஜ் அச்சொல்லையும் நீக்கி முன்போலவே 57.5 என்னும். சம் என்னும் கூட்டற் கட்டளையும் கட்டவரிசையுள் நிற்கும் சொற்களைக் கண்டுங் காணாததுபோற் கடந்து செல்லும். கூட்டற்குறியோ சொல்லை எண்ணோடு கூட்ட இயலாது திகைத்து, #வேல்யூ! என்னும் பிழைக்குறியை இடும். அப்பிழைக்குறி, தன்னைச் சார்ந்த கூட்டல்களிலெல்லாம் தொற்றுநோய்போற் பரவி வகுப்பின் மொத்தத்தையும் கெடுத்து நிற்கும். இதனைக் கண்டு எழுத்தர் அஞ்சுவர். எமக்கோ, கூவியழைத்துத் தன் குறையைக் கூறும் இப்பிழைக்குறி, வாய்பேசாது பொய்யுரைக்கும் விடையினும் நூறு மடங்கு நல்லதென்றே தோன்றுகின்றது.

வாய்பேசாப் பொய்க்கு ஓர் எடுத்துக்காட்டு: மூன்றாந் தேர்வின் முடிவை மட்டும் காண விரும்பி, =இஃப்(டி2>=40,"தேர்ச்சி","தவறினார்") என்று எழுதுகின்றோம். டி2-இல் உள்ளது 40-க்குக் குறையாதாயின் தேர்ச்சி, அன்றேல் தவறினார் என்பது இதன் பொருள். டி2 வெறிதாயின் அது சுழியாகக் கொள்ளப்பட்டுத் 'தவறினார்' என வரும். 'வரவில்லை' என்ற சொல் நின்றாலோ 'தேர்ச்சி' என வரும்! படிப்பவர் நம்பார், செய்து பார்த்தால் நம்புவர். எக்செல் எண்ணையும் சொல்லையும் ஒப்பிடுங்கால், எச்சொல்லும் எவ்வெண்ணினும் பெரிதென்று கொள்ளுகின்றது. ஆயிரம் கோடியாயினும் ஒரு சொல்லின்முன் சிறிதே. ஆகவே ஒரே நாளில் வாராதொழிந்த இருவருள், எழுத்தர் வெறிதே விட்டவர் தவறுகின்றார். 'வரவில்லை' என்று எழுதப்பட்டவர் தேறுகின்றார். இப்பத்தியை மதிப்பெண் இறங்குமுறையில் வரிசைப்படுத்தினாலும் அவ்விதியே ஆள்கின்றது. சொற்கள் எண்களுக்கு மேல் நிற்பதால், தேர்வுக்கு வாராதவர் வகுப்பில் முதல்வராய் விளங்குவார். வெறுங்கட்டத்தை உடையவரோ, ஏறுமுறையாயினும் இறங்குமுறையாயினும், எப்பொழுதும் கடைசியிலேயே கிடப்பார்.

இனி, வெறுங்கட்டம்போற் காட்சியளித்து வெறுமையாக இல்லாதனவும் உள. அவற்றுள் ஒன்று இடைவெளியெழுத்து. கட்டத்திலுள்ளதை அழிக்க விரும்பிய ஒருவர் அழிக்கும் விசையைத் தொடாமல் இடைவெளிப் பட்டையைத் தட்டிவிட்டால், கண்ணுக்கு யாதும் தோன்றாது. ஆயினும் பொறிக்கு அஃது ஓரெழுத்துடைய சொல்லேயாம். சொல்லாகவே, அது 40-இனும் பெரிது. அந்த மாணவரும் தேர்ச்சி! மற்றொன்று, சூத்திரமே வெறுஞ்சொல்லை விடையாகத் தருவது. =இஃப்(பி2="","",பி2*2) என்று எழுதினால், பி2 வெறிதாயவிடத்து விடையும் வெறிதே போலத் தோன்றும். இரட்டை மேற்கோட்குறிகளுக்கு இடையே யாதுமின்றி நிற்கும் அது, எழுத்தொன்றும் இல்லாத சொல்லாம். அதனோடு ஓரெண்ணைக் கூட்டினால் #வேல்யூ! வரும், இஸ்பிளாங்க் என்னும் கட்டளையால் 'வெறிதோ?' என்று வினவினால் 'அன்று' என்னும்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இது புதுமையன்று. 'மரம் விழுந்தது' என்புழி மரம் என்னும் சொல்லோடு உருபு யாதும் இல்லை. முதல் வேற்றுமைக்கு வேறு உருபு இல்லையாதலின் ஆண்டு உள்ளபடியே வெறுமை. 'மரம் வெட்டினான்' என்புழியும் உருபு காணப்படவில்லை. ஆயின் ஆண்டு ஐ என்னும் உருபு தொக்கு நிற்கின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இலக்கணத்திற்கு இரண்டும் வேறே. இல்லாமையும் மறைந்து நிற்றலும் வேறென்பதை நன்னூல் வகுப்பிற் கற்றவர் விரிதாளிலும் எளிதிற் கற்பர் என்பது எம் துணிபு.

இதற்கு மறுதலையாக, வெறுங்கட்டமே சுழியாய் உருமாறுதலும் உண்டு. ஒரு தாளிலுள்ள பதிவேட்டை மற்றொரு தாளிற் காட்டும்பொருட்டு =பி2 என்று எழுதினால், பி2 வெறிதாயவழி ஆண்டுத் தோன்றுவது வெறுமையன்று, 0 என்னும் சுழியே. விலுக்கப் என்னும் தேடற் கட்டளையும் வெறுங்கட்டத்தைக் கண்டுபிடித்தவழிச் சுழியையே கொணரும். முதற்றாளில் 57.5 என்றிருந்த சராசரி, படியெடுத்த தாளில் 38.33 ஆவது இவ்வாறே. எண்களை யாரும் மாற்றவில்லை, படியெடுத்ததே மாற்றம். தமிழரின் பண்டை எண்வடிவங்களுள் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி வடிவம் இருந்தமையின் சுழிக்கு அங்கு வேலையிருந்ததில்லை என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். அவ்வேடுகளில் இக்குழப்பத்திற்கு இடமில்லை!

சொல்போலன்றி எண்போலவே தோன்றிச் சொல்லாய் நிற்பனவும் பலவற்றைக் கெடுக்கும். வேறொரு பொறியினின்றும் ஏட்டினின்றும் எடுத்து ஒட்டப்பட்ட மதிப்பெண்கள் சிலபொழுது எழுத்துக்களாகவே வந்து அமைந்துவிடும். எண்ணின் முன்னே ஒற்றை மேற்கோட்குறி இட்டாலும் அஃது எழுத்தாகிவிடும். மூன்றாந் தேர்வில் 12 பெற்றவரின் மதிப்பெண் இவ்வாறு எழுத்தாய் நின்றதாயின், ஆவரேஜ் அதனை விலக்கி 57.5 என்னும்; கூட்டற்குறியோ அதனை எண்ணாக மாற்றிக்கொண்டு 127-ஐ 3-ஆல் வகுத்து 42.33 என்னும், 40-உடன் ஒப்பிட்டாலோ, சொல்லாதலின், 12 பெற்றவர் தேர்ச்சி எனப்படுவர். இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. நாமாக ஒழுங்கு செய்யாதவிடத்து எண்கள் கட்டத்தின் வலப்புறமும், சொற்கள் இடப்புறமும் ஒதுங்கி நிற்கும். எல்லாவற்றையும் நடுவே நிறுத்தி அழகு செய்வார் இவ்வரிய அடையாளத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர். கட்டத்தின் மூலையிற் பச்சை முக்கோணம் தோன்றுவதும் பெரும்பாலும் இதனையே அறிவிப்பதாம். வேல்யூ என்னும் கட்டளை இத்தகைய எழுத்தை எண்ணாக்கும். முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளிகளை டிரிம் என்பது நீக்கும். ஆயின் வலைப்பக்கங்களினின்று எடுத்தவற்றில் 160 என்னும் குறியெண்ணையுடைய வேறோர் இடைவெளி வரும். அது டிரிமுக்கு அகப்படாது. அதனைச் சப்ஸ்டிட்யூட் என்னும் கட்டளையாற் களைதல் வேண்டும்.

சொல்லை எண்ணாகத் தவறிக் கொள்ளுதலால் அறிவியலாரும் இடர்ப்பட்டுளர். மனித மரபணுக்கள் சிலவற்றிற்கு வழங்கிய குறியீடுகள் 'மார்ச்1', 'செப்ட்1' என நாட்களின் பெயரை ஒத்திருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டது. தேதியோ உள்ளே ஓரெண்ணாகவே வைக்கப்படுவது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததென 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஈற்றில் 2020-ஆம் ஆண்டில், பெயரிடும் குழுவினர் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டனர்! கருவிக்காகப் பொருள் தன் பெயரை மாற்றிக்கொண்ட இந்நிகழ்ச்சி நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது.

மழையளவுப் பதிவுகளிலும் இவ்வினா உண்டு. அமெரிக்க நாட்டில், அளக்கவியலாத சிறு தூறலை டி என்னும் எழுத்தாற் குறிப்பர். மழையே இல்லாத நாள் 0. தூறிய நாள் டி. அளவுகருவியைப் பாராத நாள் வெறுமை. மாதத்தின் மொத்தத்தைக் கூட்டுவார்க்கு மூன்றும் ஒன்றுபோலவே முடியும். மழை பெய்த நாட்களை எண்ணுவார்க்கு மூன்றும் வேறு வேறு.

நிற்க. இவற்றினின்றும் காத்துக்கொள்ளும் வழிகளுள் முதன்மையானது, ஒப்பிடுமுன் 'இஃது எண்தானா?' என்று வினவுதல். இஸ்நம்பர் என்னும் கட்டளை அதற்கென்றே அமைந்தது. =இஃப்(இஸ்நம்பர்(டி2),இஃப்(டி2>=40,"தேர்ச்சி","தவறினார்"),"ஆய்க") என்று எழுதினால், வெறுங்கட்டமும், 'வரவில்லை'யும், இடைவெளியும், எழுத்தாய் நின்ற 12-உம் ஒருசேர 'ஆய்க' என்று வந்து நம்முன் நிற்கும். பொறி தீர்ப்புக் கூறாமல் மனிதரிடம் விட்டுவிடுகின்றது. சராசரிக்கும் அவ்வாறே: =இஃப்(கவுண்ட்(பி2:டி2)=3,ஆவரேஜ்(பி2:டி2),"ஆய்க"). கவுண்ட் எண்களை மட்டுமே எண்ணும். மூன்று எண்கள் இருந்தாலன்றிச் சராசரி வாராது. ஆயின் 'ஆய்க' என்பதும் சொல்லே என்பதை மறத்தலாகாது. அச்சராசரியை அடுத்த பத்தியில் 40-உடன் ஒப்பிடுவோமாயின், ஆண்டும் இஸ்நம்பரை முன்னிறுத்தல் வேண்டும். அன்றேல் 'ஆய்க' என்றவரே தேர்ச்சி பெற்றுவிடுவர்.

எக்செலின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் இஃப்எரர் என்றொரு கட்டளை வந்தது. பிழைக்குறி தோன்றுமிடத்து நாம் விரும்பியதொன்றை இட்டு மறைப்பது அது. பலர் அதனுள் சுழியை இட்டுத் தாளைத் தூய்மை செய்துவிட்டதாக மகிழ்கின்றனர். யாம் அதனை ஒப்புவதில்லை. 'வரவில்லை' என்பதையும், தவறான கட்டப்பெயரையும், சுழியால் வகுத்ததையும் ஒன்றாய்ச் சுழியாக்கி மூடுவதாகும் அது. மறைக்கத்தான் வேண்டுமெனின் சுழியாலன்றி 'ஆய்க' போன்றதொரு சொல்லால் மறைக்க.

மதிப்பெண் பத்தியில் எண்ணையன்றிப் பிறிதொன்றையும் எழுதாமல், வாராமையின் காரணத்தை அதனருகே தனிப்பத்தியில் எழுதுதல் சாலச் சிறந்தது. 0 முதல் 100 வரையுள்ள முழுவெண்ணையன்றி வேறெதனையும் ஏலாதவாறு கட்டங்களுக்குக் காவல் இடவும் எக்செலில் வழியுண்டு. ஆயின் அக்காவல் விசைப்பலகையில் தட்டுவதையே தடுக்கும், வேறிடத்தினின்று ஒட்டுவதைத் தடுக்காது. ஆதலின் பட்டியலை அனுப்புமுன் பத்தியின் அடியில் மூன்று எண்ணிக்கைகளைக் காண்க: கவுண்ட், கவுண்ட்ஏ, கவுண்ட்பிளாங்க். முதலாவது எண்களையும், இரண்டாவது யாதேனும் ஒன்று உள்ள கட்டங்களையும், மூன்றாவது வெறிதாய்த் தோன்றுவனவற்றையும் எண்ணும். 60 மாணவர் உள்ள வகுப்பில் முதலாவது 57-உம் இரண்டாவது 58-உம் ஆயின், எண்ணல்லாத ஒன்று எங்கோ நிற்கின்றது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 60 வருதல் வேண்டும். 63 வருமாயின், மூன்று கட்டங்கள் இரு கணக்கிலும் அகப்பட்டன. அவை சூத்திரம் ஈன்ற எழுத்தில்லாச் சொற்கள். எண்ணிக்கை எவ்வளவு ஒத்து வந்தாலும் இடைவெளியெழுத்து மட்டும் கவுண்ட்ஏ-யின் பக்கமே ஒளிந்திருக்கும்; அதனை =லென்(டிரிம்(டி2)) என்று நீளங் கண்டு, விடை 0 ஆகவும் இஸ்பிளாங்க் 'அன்று' எனவும் வரும் கட்டத்திற் பிடித்துக்கொள்ளலாம்.